தண்ணீரிலும் வேலியா?

இலங்கையின் தேசிய நீச்சற் போட்டிகளும் நீரில் பாயும் போட்டிகளும் பெரும்பாலும் கொழும்பு மாநகரிலேயே நடைபெற்று வருகின்றன. தலைநகரில் பெரிய தடாகம் இருக்கின்றது. நடுவர்களும் அங்கேயே இருக்கின்றார்கள். ஆகவே போட்டியும் அங்கேயே நடக்கின்றது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அந்த நியாயத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால், தேசியப் போட்டி என்ற பெயரைத் தாங்கிய ஒன்று தேசத்தின் ஏனைய பகுதிகளை ஒருமுறையேனும் எட்டிப் பார்க்க வேண்டாமா? அதனைக் கண்டி மாநகரில் நடத்த வேண்டும் என்பது நமது கோரிக்கை. எவ்வாறு நடத்த வேண்டும், யாரையெல்லாம் அழைத்து நடத்த வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைப்பது நமது கடமையாகும்.

கண்டி நீருக்குப் பஞ்சமில்லாத நகரம். மகாவலி கங்கை அதனை வளைத்து ஓடுகின்றது. 1976இல் பொல்கொல்லையில் அந்த ஆற்றை மறித்தார்கள். 1985இல் விக்டோரியா அணை எழுந்தது. நகரின் நடுவே கிடக்கும் வாவியை வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன். நாயக்கர் வழிவந்த அம்மன்னன் 1815இல் அரசிழந்து, வேலூரில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்டான். இராசகாரியம் என்ற கட்டாய வேலையினால் குடிமக்கள் வெட்டிய வாவியின் ஓரத்தில் அரசியர் நீராட மண்டபம் எழுந்தது. வெட்டியவர் வேறு, நீராடியவர் வேறு. அந்த வழக்கம் மன்னராட்சியோடு முடிந்துவிட்டதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

வாவிக்கரையிலிருந்து கண்ணை உயர்த்தினால் ஹந்தானை மலைச்சரிவு தெரிகின்றது. அதற்கப்பால் ஹேவாஹெட்டைப் பகுதியில், 1867இல் வணிக நோக்கில் முதன்முதல் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துரைத் தோட்டம் இருக்கின்றது. இம்மலைகளை வெட்டித் திருத்தியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட நம் மக்கள். அவர்களது பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் லயனுக்குக் கீழே உள்ள பீலிதான். பீலியில் குளிக்கலாம், குடம் நிரப்பலாம், துணி துவைக்கலாம், நீந்த முடியுமா? விடுமுறை நாளில் ஆற்றுக்கோ அணைக்கட்டு நீர்த்தேக்கத்துக்கோ சென்ற சிறுவன் மூழ்கி இறந்தான் என்ற செய்தியைப் பத்திரிகைகளில் படிக்காத ஆண்டு உண்டா? 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நீச்சல் தெரியாமை ஏழைகளையே அதிகம் கொல்கின்றது.

ஒரு தேசியப் போட்டியை நடத்துவது எளிய காரியமன்று என்பதை நாம் அறிவோம். பெரும் போட்டிக்குரிய தடாகம் 50 மீற்றர் நீளமுடையது. மின்கருவிகள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று நேரக்கணிப்பாளர் வேண்டும். எட்டுத் தடங்களுக்கு அவர்கள் மட்டுமே 24 பேர். போட்டியைத் தொடங்கி வைப்பவர், திரும்பும் இடத்தில் கண்காணிப்பவர், நீந்தும் முறையைக் கவனிப்பவர் என மேலும் பலர் வேண்டும். நீரின் வெப்பம் 25 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையே இருத்தல் வேண்டும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே இருக்கும் கண்டியில் மார்கழி, தை மாதங்களின் குளிரில் இது தானாக அமையாது. ஆடி, ஆவணியில் பெரஹரா நடைபெறும்போது நகரில் தங்குவதற்கு இடம் கிடையாது, மழையும் உண்டு. ஆகவே மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. பாடசாலை விடுதிகளைக் கேட்டுப் பெற்றால் வெளியூர் மாணவர் தங்குவதற்கு வழி பிறக்கும்.

50 மீற்றர்த் தடாகம் அமையவில்லை என்பதும் ஒரு தடையாகாது. 25 மீற்றர்த் தடாகத்தில் 1993ஆம் ஆண்டு முதல் உலக வல்லவர் போட்டிகளே நடைபெற்று வருகின்றன. ஆனால், நீரில் பாயும் போட்டியில் இத்தகைய விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. பத்து மீற்றர் உயரத்து மேடையிலிருந்து பாய்பவனுக்குக் கீழே நான்கரை மீற்றருக்குக் குறையாத ஆழம் வேண்டும். ஆழம் போதாத இடத்தில் மேடை கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். அத்தகைய தடாகம் கண்டியில் அமையும் வரை அப்போட்டியைக் கொழும்பில் வைத்துக்கொள்ளட்டும், நாம் பிணங்கமாட்டோம்.

இவையெல்லாம் பணத்தாலும் உழைப்பாலும் தீரக்கூடிய சிக்கல்கள். நாம் எழுப்பும் வழக்கு வேறு.

அமெச்சூர் என்ற ஆங்கிலச் சொல்லை, ஊதியம் கருதாமல் விருப்பத்தினால் விளையாடுபவன் என்று இன்று பொருள் கொள்கின்றோம். அச்சொல் பிறந்த கதை அத்துணைத் தூய்மையானதன்று. 1860களில் இலண்டனில் அமைந்த அமெச்சூர் விளையாட்டுக் கழகம், கைத்தொழில் செய்பவனும் கூலி வேலை செய்பவனும் அமெச்சூர் ஆகமாட்டான் என்று விதி செய்தது. அவன் பரிசுப் பணம் வாங்கியிருக்க வேண்டுமென்பதில்லை. உடலால் உழைத்துப் பிழைப்பதே அவன் செய்த குற்றம்! 1880இல் புதிய சங்கம் தோன்றியபோது ஓட்டப் போட்டிகளில் இவ்விதி கைவிடப்பட்டது. ஆனால், ஹென்லி படகுப் போட்டியில் 1930களின் பிற்பகுதி வரை அது நிலைத்திருந்தது. அமெரிக்காவில் செங்கல் அடுக்கும் வேலை செய்து வளர்ந்த ஜாக் கெல்லி 1920இல் அங்கே போட்டியிட விண்ணப்பித்தபோது அவர் மறுக்கப்பட்டார். அதே ஆண்டில் அன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். விதி எழுதியவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அவ்விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நமது நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசிய சங்கங்களைப் பதிவு செய்கின்றது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை நீந்தக்கூடாது என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. கண்டி நகரின் தடாகங்கள் பெரிய கல்லூரிகளிலும் உல்லாச விடுதிகளிலும் இருக்கின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகள் எந்த வாயில் வழியாக அங்கே நுழைவாள்? அறிவித்தல் கொழும்புச் சங்கங்களுக்கும் கொழும்புப் பாடசாலைகளுக்கும் செல்கின்றது. தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மேசைக்கு வருவதில்லை. வேலி எழுத்தில் இல்லை. ஆனால் வேலி இருக்கின்றது.

எழுத்திலே வேலி போட்ட காலமும் இந்நாட்டில் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம் அவர்களது வாக்கைப் பறித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம் அந்தக் குறை முற்றாகத் தீரவில்லை. தேசியம் என்ற சொல்லை இந்த மலைகளில் நின்று உச்சரிப்பவர்கள், அச்சொல் நெடுங்காலம் யாரை விலக்கியே பொருள் கொண்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

தண்ணீரில் வேலி போடுவது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. ஆசுத்திரேலியாவின் மோரி என்ற ஊரில் நகர சபையின் நீச்சல் தடாகத்தில் பழங்குடிப் பிள்ளைகள் இறங்கக்கூடாதென்று விதி இருந்தது. 1965ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், சார்ல்ஸ் பெர்க்கின்ஸ் என்ற பழங்குடி மாணவர் சிட்னிப் பல்கலைக்கழகத் தோழர்களோடு பேருந்தில் அவ்வூருக்குச் சென்று, பழங்குடிச் சிறுவர்களை அழைத்துக்கொண்டு தடாக வாயிலில் நின்றார். எதிர்ப்பையும் வசையையும் தாங்கி நின்ற பின்னரே கதவு திறந்தது.

அதைக் கேட்டு மகிழும் நாம் நமது முற்றத்தையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கட்டில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று சாதி வகுத்தவர்கள் யார்? பிறர் வார்க்கும் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நின்றவர்கள் யார்? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அவ்வழக்கத்தைக் குற்றமாக்க வேண்டியிருந்தது அன்றோ? பிறரிடம் நீதி கேட்பவன் தன் கிணற்றடியைக் கழுவிவிட்டுக் கேட்கவேண்டும்.

திறமை எங்கே பிறக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1911இல் ஹொனொலூலுத் துறைமுகத்தில் நடந்த போட்டியில் ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹனமோக்கு உலக சாதனையை முறியடித்தார். அது ஒழுங்கான தடாகமன்று, கடல்நீர் என்பதால் அமெரிக்க அமெச்சூர் சங்கம் அச்சாதனையை ஏற்க மறுத்தது. மறு ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். நமது வடபகுதியில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வழக்கறிஞரான ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அக்கடலை இரு வழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். அவர்களுக்கு முதற்பள்ளி கடல். கீரிமலைக் கேணியிலும் ஊர்க் குளங்களிலும் கிணறுகளிலும் பாய்ந்து பழகிய நமது விவசாயிகளுக்கு இது நன்கு விளங்கும். மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடலும் இல்லை, குளமும் இல்லை. அப்பிள்ளைக்குத் தடாகம் ஒன்றே வழி.

இதற்கு இரண்டு மறுப்புகள் கிளம்பும். விளையாட்டில் அரசியலைப் புகுத்தாதீர்கள் என்பது ஒன்று. ஒரு மொழி பேசும் பிள்ளைக்கு அறிவித்தல் எட்டாதபடி செய்வது அரசியலன்று, எட்டும்படி கேட்பதே அரசியல் என்றால், அந்தப் பழியை நாம் மகிழ்ச்சியோடு ஏற்கின்றோம். மற்றொன்று நம்மவர்களிடமிருந்தே வரும்: லயனில் கூரை ஒழுகுகின்றது, சம்பளம் போதவில்லை, இந்நிலையில் நீச்சலா? இக்கேள்வியில் நேர்மை உண்டு. வீட்டுக்குப் பதிலாகத் தடாகம் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. வீடும் காணியும் உரிமை. நீரில் விழுந்தால் உயிரோடு கரையேறத் தெரிவதும் பிள்ளையின் உரிமை. இருக்கின்ற தடாகத்தின் கதவைத் திறப்பதற்குப் புதிய வரி எதுவும் போடத் தேவையில்லை.

ஆகவே கண்டியில் போட்டி நடத்த முன்வருவோரிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றோம். முதலாவது, விண்ணப்பம், அறிவித்தல், ஒலிபெருக்கி, பரிசளிப்பு அனைத்திலும் தமிழும் சிங்களத்தோடு சமமாக வழங்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை கூறுகின்றது. இது சலுகையன்று. இரண்டாவது, தகுதிகாண் போட்டிகளை வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் நடத்தி, தேர்ந்தவர்களின் பயணச் செலவையும் உணவையும் ஏற்கவேண்டும். மூன்றாவது, போட்டிக்கு ஆறு மாதம் முன்னதாகவே, கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளின் சிறுவர் சிறுமியருக்கு நகரத் தடாகங்களில் வாரம் ஒருநாள் நீச்சல் கற்பிக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வேண்டும். நான்காவது, நடத்தும் குழுவில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இடம் இருத்தல் வேண்டும்.

முதல் ஆண்டிலேயே தோட்டத்துப் பிள்ளை பதக்கம் வாங்கிவிடும் என்று நாம் கனவு காணவில்லை. முறையாகப் பயின்ற கல்லூரி மாணவனோடு ஆறு மாதம் நீந்தியவன் போட்டியிட முடியாது. அவன் கடைசியாக வரட்டும். ஆனால் தடத்தில் நிற்கட்டும். பாயும் போட்டியில் நடுவர்களின் மதிப்பெண்களுள் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டே கணக்கிடுகின்றார்கள். தண்ணீருக்குள் இத்தனை கவனத்தோடு நீதி செய்யத் தெரிந்தவர்கள், தண்ணீருக்கு வரும் பாதையிலும் அதனைச் செய்யட்டும்.

நமது கடமையும் உண்டு. கண்டியில் வாழும் தமிழ் வழக்கறிஞர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! உங்களுள் பலர் படித்த கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களில் நீங்கள் அங்கத்தவர்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம் நமது தடாகத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உழுதுண்டு வாழும் உழவர்களே! உங்கள் பிள்ளைகளைத் தகுதிகாண் போட்டிக்கு அனுப்புங்கள். மகன்களோடு மகள்களையும் அனுப்புங்கள். அமைச்சு அசையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதற் கதவை நாமே திறந்துவிட்டால், மற்றக் கதவுகள் ஏன் மூடியிருக்கின்றன என்று கேட்கும் தகுதி நமக்கு வந்துவிடும்.