கன்றுகளை எண்ணாதீர்கள், ஓடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்
பழனிமலைக் காடுகளிலும் நீர்ப்பிடிப்புகளிலும் தன்னார்வப் பணி: எங்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வி

பழனிமலைத் தொடரின் சோலைகளையும் புல்வெளிகளையும் ஓடைகளையும் காக்கக் கைகொடுக்க விரும்புவோர் பலர். மலைக் கிராமத்து இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், விடுதி நடத்துவோர், நிறுவன ஊழியர்கள் என எல்லாத் தரப்பினரும் எங்களிடம் வருகிறார்கள். இந்த ஆர்வத்தை நாங்கள் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் வருவோரில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: “எங்கே, எத்தனை மரக்கன்று நடலாம்?” காட்டையும் நீரையும் காக்கும் பணியில் பொதுமக்களின் இடம் எது, எது அவர்களுடைய வேலை அன்று, யாருடைய முடிவுக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய நேரம் இது என்று கருதி இவ்வறிக்கையை வெளியிடுகிறோம்.

நிலைப்பாடு

இந்த மலையில் தன்னார்வப் பணியை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஒரு குழு ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பைப் பொறுப்பேற்று, குறைந்தது பத்து ஆண்டுகள் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணி அங்கு வாழும் மக்களின் கிராம சபை எடுக்கும் முடிவுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர் இலவசமாகச் செய்துகொடுத்து யாருடைய பிழைப்பையும் பறிக்கக் கூடாது. நடுவது இப்பணியில் ஒரு சிறு பகுதி. பல இடங்களில் நடாமல் இருப்பதே சரியான செயல்.

புல்வெளியில் மரம் நடக் கூடாது

பழனிமலையின் மேற்பகுதி, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளியாக இருந்தது. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் சோலை. மேடுகளிலும் சரிவுகளிலும் புல். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இங்குள்ள காடு. மரம் இல்லாத சரிவைப் பார்த்ததும் ‘அழிந்த காடு’ என்று எண்ணுவது சமவெளியில் வளர்ந்த நம் கண்ணின் பழக்கம். உண்மையில் அந்தப் புல்தான் மழையை வேரில் வாங்கி, மண்ணில் இறக்கி, மழை நின்ற பின்னும் ஓடையில் கசியவிடுகிறது. குறிஞ்சி பூப்பதும் இந்தத் திறந்த சரிவுகளில்தான். 2006-இலும் 2018-இலும் பூத்த குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்க வேண்டுமானால் அதற்குப் புல்வெளி மிச்சம் இருக்க வேண்டும்.

அந்தப் புல்வெளிக்கு நேர்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. 1973 முதல் 2014 வரையிலான மாற்றத்தை அளந்து 2018-இல் வெளியான ஆய்வு, பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று கண்டது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோப்புகளும் விவசாயமும். தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட மரங்கள் அவை. அன்று நட்டவர்களும் வெற்று நிலத்தைப் பசுமையாக்குகிறோம் என்றே நம்பினார்கள்.

தண்ணீருக்கு என்ன ஆனது என்பதற்கு நீலகிரியில் அளவு இருக்கிறது. கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாக விட்டு, மற்றதில் யூகலிப்டஸ் நட்டு மண்-நீர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் யூகலிப்டஸ் நட்ட பகுதியிலிருந்து ஓடிவந்த ஆண்டு நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது.

இந்த மலையிலிருந்து இறங்கும் நீர் கீழே எத்தனை ஊருக்குப் போகிறது என்று பாருங்கள். வடக்கே பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, கிழக்கே மருதாநதி, தெற்கே மஞ்சளாறும் வராக நதியும் வைகையை நோக்கி. பேரிஜம் ஏரியும் சோத்துப்பாறை அணையும் பெரியகுளத்தின் குடிநீருக்கு ஆதாரம். மேலே ஒரு சரிவில் எதை நடுகிறோம் என்பது கீழே ஒரு தெருக்குழாயில் தெரியும். ஆகவே புல்வெளியில் எந்த மரத்தையும், அது நம் மண்ணின் மரமாகவே இருந்தாலும், நடும் நிகழ்ச்சியை நாங்கள் எதிர்க்கிறோம்.

அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டக் கூடாது

அப்படியானால் வாட்டிலையும் பைனையும் மொத்தமாக வெட்டித் தள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் நாங்கள் ஏற்கவில்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பதிற்றாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ கடந்து போனாலோ அந்த விதையெல்லாம் ஒரே பருவத்தில் முளைத்து, முன்பு இருந்ததைவிட அடர்த்தியான புதராகிவிடும். மறுபுறம், முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. உறைபனியிலிருந்தும் காற்றிலிருந்தும் அந்த நிழல் அவற்றைக் காக்கிறது. கொடைக்கானலில் பல்லாண்டுகள் தங்கிச் சோலைத் தாவரங்களை வளர்த்த தான்யா பால்கரும் பாப் ஸ்டூவர்ட்டும் இதை விடாமல் சுட்டிக்காட்டி வந்தார்கள். அவர்கள் சொன்னதை நாங்களும் சொல்கிறோம்: இடத்துக்கு இடம் முடிவு வேறு.

மிஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக முளைக்கும் வாட்டில் கன்றுகளைப் பிடுங்குவதுதான் தன்னார்வலருக்கு ஏற்ற முதல் வேலை. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் வந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டால் அரிவாளும் இயந்திரமும் வேண்டும். பிடுங்கிய இடத்துக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திரும்பிப் போக வேண்டும். ஒருநாள் முகாம் இங்கே பயன்படாததற்குக் காரணம் இதுவே. உள்ளே சோலைக் கன்றுகள் எழுந்துவிட்ட முதிர்ந்த தோப்பை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து விதை வெளியே பரவாமல் விளிம்பைக் காக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்டெடுக்கவும் வெளியிட்ட கொள்கையை நாங்கள் வரவேற்கிறோம். அது வெட்டும் பரப்பின் கணக்காகச் சுருங்கிவிடாமல் இருக்க, வெட்டிய பின் பல ஆண்டு தொடரும் பராமரிப்பும் திட்டச் செலவில் சேர வேண்டும்.

முடிவு கிராம சபையினுடையது

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டையும் உயிரினங்களையும் அருகிலுள்ள நீர்ப்பிடிப்புகளையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றோருக்கும் அளிக்கிறது. சமூக வன வளத்தைக் காத்து மீட்டெடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. பளியரும் புலையரும் இந்த மலையில் யாரும் திட்டம் தீட்டுவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவில் தீ முதலில் ஏறும், எந்தக் காய் எப்போது விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் காட்டில் ‘மீட்புப் பணி’ நடத்துவது அறமும் ஆகாது, சட்டத்துக்கும் பொருந்தாது.

இதற்கு முன் நடந்தவற்றிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1990-இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் நிதியுதவியுடன் நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. திட்ட நிதியை நம்பி எழுந்த குழு, நிதி நின்றால் தளர்ந்துபோகும். சட்டம் தரும் உரிமையின்மீது எழும் குழுவுக்கு எந்தத் திட்டத்தின் முடிவும் முடிவாகாது. எனவே, சமூக வன உரிமைப் பட்டாக்களை விரைந்து வழங்குவதே இந்த மலையின் தன்னார்வப் பணிக்கு அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நாங்கள் கருதுகிறோம்.

இலவச உழைப்பு என்ற பெயரில் கூலியைப் பறிக்கக் கூடாது

ஊர்கூடி நீர்நிலையைப் பேணும் குடிமராமத்து நம்முடைய பழைய வழக்கம். அதை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக மாற்றியது. விருப்பத்தோடு தரும் உழைப்புக்கும் வேறு வழியின்றித் தரும் உழைப்புக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு அந்தச் சட்டமே சான்று.

இன்று அந்தக் கோடு வேறு விதமாக அழிகிறது. உண்ணிச்செடி அகற்றுவது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் மலைக் கிராமத்தவர் கூலிக்குச் செய்யும் வேலைகள். வெளியூரிலிருந்து நூறு பேர் வந்து இவற்றை ஒருநாளில் இலவசமாகச் செய்துவிட்டுப் போனால், அங்குள்ள குடும்பங்கள் அன்றைய வருமானத்தை இழக்கின்றன. ஒப்பந்த அளவிலான எல்லாக் காட்டு வேலையும் உள்ளூர் மக்களுக்கு நியாயமான கூலியோடு போக வேண்டும். கூலிக்கு ஒதுக்கீடே இல்லாத தொடர் கண்காணிப்பு, பதிவு, விதை சேகரிப்பு, பள்ளிக் கல்வி, முன்பு சொன்ன வாட்டில் கன்று பிடுங்குதல் போன்றவற்றையே தன்னார்வலர் எடுத்துக்கொள்ளட்டும். வழிகாட்டும் பளியர் பெரியவருக்கும் விதை இனம் காட்டும் பெண்களுக்கும் அவர்களுடைய அறிவுக்குரிய ஊதியத்தை அமைப்புகள் கொடுக்க வேண்டும்.

தீயில் யாரும் தன்னார்வலராக இறங்கக் கூடாது

2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்வெளியில் தீ மனிதக் காலைவிட வேகமாக ஏறும். பயிற்சி பெறாத எவரையும் தீயணைக்க அனுப்புவதில்லை என்பது எங்கள் உறுதியான விதி. பிப்ரவரி முதல் மே வரை தன்னார்வலரின் வேலை புகையைப் பார்த்தவுடன் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்வது, சாலையோரக் குப்பை எரிப்பைத் தடுப்பது, சுற்றுலாப் பயணிகளிடம் பேசுவது ஆகியவற்றோடு நிற்க வேண்டும். எந்த வேலைக்கும் வனத்துறை அனுமதி கட்டாயம். ஏனெனில், 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் காட்டுமாடுகளின் பாதையும் யானைகளின் பாதையும் உண்டு.

பொதுமக்கள் கண் எதற்கு வேண்டும்

இதெல்லாம் அறிவியலாளர் வேலை, பொதுமக்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு 2001-ஐ நினைவூட்டுகிறோம். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையில் கிடந்ததை வெளியே கொண்டுவந்தவர்கள் ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும்தான். அந்த ஆலை நின்ற மேட்டிலிருந்து இறங்கும் நீர் பாம்பார் சோலை வழியாக வைகைப் படுகைக்குப் போகிறது. அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. அங்கேயே வாழ்பவர் நாள்தோறும் பார்ப்பதை, ஆண்டுக்கு ஒருமுறை வரும் எந்த ஆய்வுக் குழுவும் பார்க்க முடியாது.

ஓடைக் குழு செய்யவேண்டிய பதிவும் கடினமானது அன்று. ஒரு மழைமானி, ஓடையில் நட்ட ஓர் அளவுகோல், ஊற்றடியில் அளவு தெரிந்த பாத்திரத்தை வைத்து, அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்ற குறிப்பு, குழாய் போட்டு நீர் எடுக்கும் இடங்களின் வரைபடம், கரையில் புதிதாகத் தலைகாட்டும் அயல்செடிகளின் பட்டியல். பத்து ஆண்டு விடாமல் எழுதினால், அந்த ஓடை குறைகிறதா, ஏன் குறைகிறது என்பதை ஊரார் கையிலுள்ள ஆதாரத்தோடு பேசலாம்.

நடுவதற்கான இடம்

நட விரும்புவோரை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. சிதைந்த சோலையின் ஓரங்களில், அந்தச் சோலையிலேயே எடுத்த விதையிலிருந்து வளர்த்த நாவல் வகைகளையும் காட்டுப்பூவரசையும் நடலாம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பகுதிக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக்குக்குப் பதிலாக நம் நிழல் மரங்களை விவசாயிகளோடு சேர்ந்து வைக்கலாம். புல்வெளியை மீட்கப் புல்லின் தூர்களைப் பிரித்து நாற்றாக நடலாம். பொறுமை கேட்கும் வேலை இது. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியாது. மலைக்கு மிகவும் தேவையானது இதுதான்.

நாங்கள் கேட்பவை

வனத்துறையிடம்: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனி அனுமதி என்பதை மாற்றி, கிராம சபை, வனச்சரகம், தன்னார்வக் குழு மூன்றும் கையெழுத்திடும் பல ஆண்டு ஓடைப் பராமரிப்பு ஒப்பந்தங்களைக் கொண்டுவாருங்கள். அவற்றைத் தமிழில் பொதுவில் வையுங்கள்.

நிறுவனங்களிடம்: கன்று எண்ணிக்கைக்கு நிதி கொடுப்பதை நிறுத்தி, பராமரிப்பு ஆண்டுகளுக்கும் உள்ளூர்க் கூலிக்கும் கொடுங்கள்.

பள்ளி, கல்லூரிகளிடம்: ஒருநாள் முகாமுக்குப் பதிலாக, ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் முன்னவர்களிடமிருந்து பெற்றுத் தொடரும் ஓர் ஓடைப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உறுதிமொழி

எங்கள் ஓடைக் குழுக்களின் பதிவுகளை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கூடும் கிராம சபையில் படித்துக்காட்டி ஒப்படைப்போம். கொடைக்கானல் நகருக்குள் இருக்கும் ஓடைகளுக்குப் பகுதி சபையில் ஒப்படைப்போம். எங்கள் வேலை வேண்டாம் என்று சபை முடிவு செய்தால் விலகிக்கொள்வோம். களத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதலுதவி, விபத்துக் காப்பீடு, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பணி தொடங்க மாட்டோம். புல்வெளியில் மரம் நடும் எந்த விழாவிலும், நிதி எவ்வளவு பெரிதானாலும், அழைப்பு யாரிடமிருந்து வந்தாலும், எங்கள் அமைப்பின் பெயர் இடம்பெறாது. இந்த மலையை நேசிக்கும் மற்ற அமைப்புகளும் இதே விதிகளை ஏற்று, தங்களுக்கென ஓர் ஓடையைத் தேர்ந்துகொள்ளும்படி அழைக்கிறோம்.