‘சும்மாதான்’ என்று சொல்லக் கூடாதா?

புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு நான் சைக்கிளை வாசலில் இறக்கினால் போதும். சாணம் தெளித்துக் கொண்டிருக்கும் எதிர்வீட்டுப் பெண் தவறாமல் கேட்பார், "என்னக்கா, இந்நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?" என்று. பால் வாங்க என்றால் சரி. கோயிலுக்கு என்றால் ரொம்பச் சரி. ஆனால், "எங்கயும் இல்லம்மா, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ‘பேத்தி எடுத்த வயசுல இது தேவையா?’ என்று வாய் கேட்காவிட்டாலும் கண் கேட்டுவிடும்.

எனக்கு வயது 56. வாரத்தில் நாலு நாள் சைக்கிள், இரண்டு நாள் மெல்லோட்டம். பந்தயத்துக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. பிடித்திருக்கிறது, செய்கிறேன். அவ்வளவுதான். ஆனால் இந்த ‘பிடித்திருக்கிறது’ என்ற ஒரு காரணத்தை மட்டும் நம் வீடுகளில் யாரும் காரணமாகவே ஒப்புக் கொள்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சைக்கிள் கற்றுக் கொண்டது 1992ல். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்து கொண்டிருந்தது. கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக் கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அதில் ஒரு சௌகரியம்! பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பு ஹிந்திப் புத்தகத்தில்கூட எங்கள் ஊர் சைக்கிள் கதை பல வருஷம் பாடமாக இருந்தது.

நானும் அறிவொளித் தொண்டர்தான். சாயங்காலம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் வகுப்பு எடுக்க வேண்டும். "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிளு? நாலு பேரு என்ன நெனப்பாங்க?" என்றார் என் மாமியார். "வகுப்புக்குப் போகணும் அத்தை, திரும்பி வர பஸ் இல்லை" என்றேன். அரை மனதாகச் சம்மதித்தார். குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் இரண்டும் சிராய்த்து, பத்தே நாளில் கற்றுக் கொண்டேன். பிறகு ரேஷனுக்கும் தண்ணீர்க் குடம் கொண்டு வரவும் அதே சைக்கிள் உதவியதும், மாமியாரே பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்து விட்டார்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அன்று என் சைக்கிளுக்கு அனுமதி கிடைத்ததே அது வீட்டுக்கு உபயோகமாக இருந்ததால்தான். மகன் பைக் வாங்கியதும் அந்த உபயோகம் போயிற்று. சைக்கிளும் கொல்லைப்புறம் போயிற்று. அதில் ஏறிப் போவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்து எழுதப் போவது எனக்கே வெட்கமான விஷயம்.

என் மருமகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 800 மீட்டர் ஓடியவள். மாவட்டப் போட்டி வரைக்கும் போயிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், குழந்தைக்கு ஒரு வயது முடிந்த சமயம், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அத்தை, காலையில ஒரு அரை மணி நேரம் ஓடிட்டு வரட்டுமா? பாப்பா ஆறரைக்குத்தான் எந்திரிப்பா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கும்மா? உடம்பு நல்லாத்தானே இருக்கு? ரோட்டுல ஓடினா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"சரி அத்தை" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த ‘சரி அத்தை’ அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. 1992ல் என் மாமியார் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல் என் வாயிலிருந்து வந்திருக்கின்றன! அவர் மூன்றாவது வகுப்புத் தாண்டாதவர். நானோ ஊருக்கெல்லாம் அறிவொளி வகுப்பு எடுத்தவள். இன்னொன்றும் உறைத்தது. என் மகன் தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடப் போகிறான். அவனிடம் ஒருநாளாவது ‘எதுக்கு’ என்று நான் கேட்டதுண்டா? ஊஹூம்.

நாலு நாள் கழித்து அந்தப் பழைய சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக் கொண்டு போனேன். இரண்டு டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். "நாளையிலேருந்து நீ ஓடு. நான் கூடவே சைக்கிள்ல வர்றேன்."

"பாப்பா முழிச்சுட்டா, அத்தை?"

"அவ அப்பன் எதுக்கு இருக்கான்?"

முதல் வாரம் பெரிய கூத்து. நாய்கள் துரத்தின. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "யாரும்மா தொரத்துறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார். இப்போது அதே ஆள் தலையாட்டி வணக்கம் சொல்கிறார். பார்த்துப் பார்த்துப் பழகினால் ஊர் வாய் தானாக மூடும் என்பதை 1992லேயே கண்டவள் நான்.

அவளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் நூறு மீட்டர்கூட முடியவில்லை. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னாள். நாலு மாதத்தில் நிற்காமல் இரண்டு கிலோ மீட்டர் ஓடினேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தன்னவாசல் வரை தனியாகச் சைக்கிளில் போய் வருகிறேன். போக மட்டும் சுமார் 16 கிலோ மீட்டர். வழியில் இட்லிக்கு மாவு இருக்கிறதா, கேஸ் புக் பண்ணியாச்சா என்ற நினைப்பே வருவதில்லை. முப்பது வருஷத்தில் என் மூளைக்குக் கிடைத்த முதல் லீவு அதுதான்.

"வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு அசைவும் இன்னொருவருக்காக. எங்கள் தெருவில் நாலு பெண்கள் வாக்கிங் போகிறார்கள். நாலு பேருக்குமே சர்க்கரை. டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் விட்டார்கள். மருந்துச் சீட்டுதான் நமக்கு அனுமதிச் சீட்டா? வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை மிதமாக இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லையே! ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் வைத்ததே 1984ல்தான். அதுவரை ‘பெண் உடம்பு தாங்காது’ என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எல்லோராலும் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. விடிவதற்குள் வேலைக்கு ஓடுகிற சகோதரிகள் இருக்கிறார்கள். தெரு விளக்கு எரியாத ஊர்கள் இருக்கின்றன. மைதானம் இருந்தால் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. இதையெல்லாம் ஊராட்சியிலும் நகராட்சியிலும் நாம் கூட்டமாகப் போய்க் கேட்டால்தான் நடக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில குறிப்புகள். செருப்போடு ஓடாதீர்கள், நல்ல ஷூ அவசியம். மூச்சு வாங்காமல் பேசிக் கொண்டே ஓடுகிற வேகம் போதும். சைக்கிளில் பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள்கிற அளவுக்கு சீட்டை உயர்த்துங்கள், முட்டி வலி வராது. இருட்டில் போனால் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். ஓடும்போது எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓடுங்கள். நாய் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் நிறுத்திக் கொண்டு மெதுவாக நகருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என்னைப் போன்ற மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் காலையில் ஷூவை மாட்டிக் கொண்டு நின்றால், ‘எதுக்கு?’ என்று கேட்காதீர்கள். கேட்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வாய் நம் வாயாக இருக்க வேண்டாம். முடிந்தால் அந்த அரை மணி நேரம் குழந்தையை யாராவது பார்த்துக் கொள்ளட்டும்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஒரு வாசகி, புதுக்கோட்டை.