அந்நியரின் அன்பு என்னும் வசதியான சொல்

இமயமலையில் பத்துப் பதினைந்து நாள் முதுகுப்பையோடு நடந்து திரும்பியவர்கள் அனைவரும் இப்போது பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். எழுதட்டும். நமது மனக்குறை கட்டுரைகளின் எண்ணிக்கை பற்றியதன்று. அவற்றில் தவறாமல் வந்து நிற்கும் ஒரு பத்தியைப் பற்றியது. இருட்டுகிறது, பனி கொட்டுகிறது, கால்கள் ஓய்ந்துவிட்டன. அப்போது ஒரு கதவு திறக்கிறது. சுருக்கம் விழுந்த முகத்துடன் ஒரு மூதாட்டி சூடான தேநீரை நீட்டுகிறாள். மொழி புரியவில்லை, ஆனால் கண்கள் பேசுகின்றன. முன்பின் அறியாத ஒருத்தியின் அன்பில் கட்டுரையாளர் மனிதகுலத்தின்மீது இழந்திருந்த நம்பிக்கையை மீட்டுக்கொள்கிறார். மூதாட்டிக்குப் பெயர் கிடையாது. தேநீருக்குக் காசு கொடுத்தாரா என்பதும் கடைசிவரை தெரிவதில்லை.

இந்தப் பத்தி பொய் என்று நாம் சொல்லவில்லை. பாதியை மறைக்கிறது என்கிறோம்.

நேபாளத்தில் அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். நம் கட்டுரையாளர்கள் அதிகம் நடக்கும் பாதைகளுள் அதுவும் ஒன்று. மலையேற்றப் பயணிகள் தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அது வணிகர் வழி. திபெத்திலிருந்து உப்பு இறங்கியது. தாழ்நிலத்திலிருந்து தானியம் ஏறியது. அவ்வழி நெடுகத் தக்காலி இனப் பெண்கள் ‘பட்டி’ எனப்படும் விடுதிகளை நடத்தினார்கள். அங்கு உணவுக்குத்தான் விலை. உண்டவர் படுத்துறங்கத் தனிக்காசு கேட்பதில்லை என்பது பழைய வழக்கம். இது தொழிலின் முறைமை. இதை அறியாத பயணி, தன்பொருட்டே சுரந்த கருணையாக எண்ணி நெகிழ்ந்துபோகிறார். தலைமுறைகளாகத் திரண்ட ஒரு தொழிலறிவை, கணக்கும் கண்டிப்பும் உபசாரமும் கலந்த நிர்வாகத்தை, ‘வெள்ளந்தி மனம்’ என்று எழுதுவது பாராட்டா, அவமதிப்பா? நம் ஊர் உணவுவிடுதி முதலாளியைப் பற்றி எவரேனும் இப்படி எழுதுவார்களா?

இதைவிடக் கடுமையான மறைப்பு ஒன்றுண்டு. ‘தன்னந்தனியே மலையோடு’ என்று தலைப்பிட்ட கட்டுரையின் புகைப்பட மூலையில், நெற்றிப்பட்டையில் கூடையைத் தொங்கவிட்டபடி ஒருவர் குனிந்து நடந்துகொண்டிருப்பார். நாம்சே சந்தைக்குச் சுமை கொண்டுசெல்வோரை நிறுத்தி எடைபோட்ட ஆய்வொன்று 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டையும் பெண்கள் 66 விழுக்காட்டையும் சுமந்தார்கள். வாகனச் சாலை எட்டாத உயரங்களில் பயணி உண்ணும் அரிசியும் பருப்பும், அந்தத் தேநீரைக் காய்ச்சும் எரிபொருளும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய முதுகிலோ கோவேறு கழுதையின் முதுகிலோதான் மேலே வந்திருக்க வேண்டும். உயரநோய் கண்ட இளஞ்சுமையாளர் ஒருவர் கைவிடப்பட்டு இறந்ததை அடுத்து, 1997இல் சுமையாளர் பாதுகாப்புக்கென்று சர்வதேசக் குழுவொன்றே தொடங்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபரில் அன்னபூர்ணாப் பகுதியைத் தாக்கிய பனிப்புயலில் 40 பேருக்குமேல் மாண்டார்கள். அவர்களுள் நேபாள வழிகாட்டிகளும் சுமையாளர்களும் உண்டு. அன்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. அன்பு என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லையல்லவா?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில், சுமார் 3,500 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு வழியோர ஊர்க்காரர்கள் உணவும் வாகன உதவியும் தருகிறார்கள். ‘டிரெயில் ஏஞ்சல்’ என்று பெயர். அது உண்மையிலேயே அந்நியரின் அன்புதான். கொடுப்பவரிடம் வீடும் காரும் இருக்கின்றன. பெறுபவரிடம் சில மாத ஓய்வு இருக்கிறது. ஏறத்தாழச் சமமானவர்களுக்கிடையே நிகழும் கொடை அது. அந்தச் சொல்லை அப்படியே பெயர்த்து நேபாள மலைச்சரிவில் நடும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

‘கூலியும் கிலோவும் எழுதினால் இலக்கியம் செத்துவிடாதா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தும் மலைபடுகடாத்தைத்தான் அவர்களுக்குச் சுட்ட வேண்டும். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளுள் பல ஒரு மலைவழியைச் சொல்பவை. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், பாசி படிந்து வழுக்கும் இடத்தை எப்படிக் கடப்பது என்று வழிகாட்டி ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்கிறான். ஆனால் அந்தச் சோறு அந்நியருக்கு வந்த சோறன்று. ‘நாங்கள் நன்னனின் கூத்தர்’ என்று சொல்லும்போது கிடைப்பது. சொன்னபின் சொந்த வீடுபோல நுழையலாம், உறவினர்போல உரிமை கொண்டாடலாம். விருந்துக்குப் பின்னால் ஓர் ஆட்சி இருக்கிறது, கடமை இருக்கிறது, கூத்தன் திருப்பித்தரும் கலை இருக்கிறது. கவிஞர் எதையும் மறைக்கவில்லை. மறைக்காததால் கவிதை கெட்டுப்போகவுமில்லை. பாதைகள் பிரியுமிடத்தில், பின்னே வருவோர் வழி தப்பாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போகச் சொல்லும் ஓரிடமும் அதில் உண்டு. நம் கட்டுரைகளில் காலணியின் நிறுவனப் பெயர் இருக்கிறது. அப்படியொரு முடிச்சு இல்லை.

இது எழுதுகிறவர்களின் பிழை மட்டுமன்று. ‘மனதை உருக்கியது’ என்று வாசகர் கடிதம் எழுதுகிற நாமும், அதைக் கட்டம் கட்டி வெளியிடுகிற இதழாசிரியர்களும் சேர்ந்து வளர்த்த பழக்கம். அடுத்த இமயக் கட்டுரை மேசைக்கு வரும்போது ஆசிரியர்கள் அதைத் திருப்பியனுப்பிச் சில கேள்விகளைக் கேட்கலாம். அந்த மூதாட்டியின் பெயர் என்ன? உங்கள் பையை யார் சுமந்தார்? எத்தனை கிலோ, நாளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கணப்படுப்பருகே நீங்கள் உறங்கிய இரவில் அவர் எங்கே படுத்திருந்தார்?