தரகு இல்லாத சந்தை, தரகு இல்லாத மேடை
மதுரை உழவர், நுகர்வோர், கலைஞர் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 14.11.1999 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் காட்டிய வழியில் வந்த ஏற்பாடு அது. 25 ஆண்டுகளைத் தாண்டிவிட்ட அந்தச் சந்தையில் காய் விற்கிறவர்கள், அங்கே பை நிறைய வாங்கிப் போகிறவர்கள், பங்குனியிலும் சித்திரையிலும் சுற்றுவட்டார ஊர்களில் ஆடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், வேஷம் கட்டுகிறவர்கள் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்தச் சாசனத்தை எழுதியிருக்கிறோம். மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் வேளாண் விற்பனைத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் இதைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும்.

காய்கறிக்காரர்களுக்கும் கரகாட்டக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது. அண்ணன் வெண்டை பறித்தால் தம்பி தவில் வாசிப்பார். சில வீடுகளில் இரண்டையும் ஒரே ஆள் செய்கிறார்.

விடியும் முன்பே சந்தையில் வேலை தொடங்கிவிடும். உழவர் அடையாள அட்டையைக் காட்டி, தராசை வாங்கிக்கொண்டு, ஒதுக்கிய கடையில் சுமையை இறக்குகிறார். கடைக்கு வாடகை இல்லை, தராசுக்குக் காசு இல்லை, கமிஷன் இல்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். மொத்தச் சந்தை விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அது இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விளைவித்தவருக்கும் நாலு காசு, வாங்கியவருக்கும் நாலு காசு மிச்சம், நடுவில் ஆள் இல்லை. காய்கறிக்கு இதைச் செய்து காட்டிய அரசு, அதே ஊர்க்காரர்களின் கலைக்கும் செய்ய வேண்டும். எங்கள் தலையாய கோரிக்கை இதுதான்.

ஒரு கரகாட்டச் செட்டு எப்படிப் பிழைக்கிறது என்று சொல்கிறோம். ஊர்க் கமிட்டி ஒரு தொகை பேசி அச்சாரம் கொடுக்கிறது. ஏஜெண்டு தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். வேன் வாடகை கழிகிறது. மிச்சம் நாயனத்துக்கும் தவிலுக்கும் பம்பைக்கும் ஆடுகிறவர்களுக்கும் பிரிகிறது. கமிட்டி எவ்வளவு பேசியது என்பது கடைசிவரை பம்பைக்காரருக்குத் தெரியாது. தலையில் கரகத்தோடு இரவெல்லாம் ஆடுகிற பெண்ணுக்குச் சேலை மாற்ற மறைவிடம் கிடையாது. வேனுக்குள் போர்வையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பெண் நிற்கிறார். விடிந்ததும், "பாக்கியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோம்மா" என்று அனுப்புகிறார்கள். கத்திரிக்காய்க்கு இன்ன விலை என்று நாலு பேர் பார்க்கப் பலகையில் எழுத முடிகிற ஊரில், ஓர் இரவு ஆட்டத்துக்கு இன்ன கூலி என்று எழுத முடியாதா?

ஆகவே, சித்திரைத் திருவிழாவையொட்டி அரசு செலவில் நடக்கும் எல்லாக் கலை நிகழ்ச்சிகளுக்கும் கலைஞர்களை நேரடியாக அமர்த்த வேண்டும். உழவருக்கு அடையாள அட்டை போல, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டையே இதற்குப் போதும் என்று அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு கலைக்கும் குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்து மேடை அருகிலேயே பலகையில் எழுத வேண்டும். அந்தத் தொகை செட்டின் தலைவர் கையில் மட்டும் போகாமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் அன்றைக்கே சேர வேண்டும். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் மேடை போடக் கூடாது.

சித்திரைப் பொருட்காட்சியில் இந்த மாவட்டத்துக் கலைஞர்களுக்கு நாள்தோறும் மாலை நேரம் வேண்டும். ஓர் இரவாவது ஸ்பெஷல் நாடகம் முழுதாக நடக்க வேண்டும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் பாலர் நாடக சபை தொடங்கிய ஊர் இது. அவர் எழுதிய வள்ளி திருமணத்தை இன்றும் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகமாக இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடத்துகிறார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் இடத்துக்காகவே கூட்டம் கண் விழித்து உட்கார்ந்திருக்கும். வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி அதை முடிக்கச் சொல்வது அந்தக் கலையை அவமதிப்பது. பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாடகத்தை நடக்க விடுங்கள்.

சந்தையின் ஆண்டு நாளான நவம்பர் 14 அடைமழைக் காலத்தில் வருகிறது. அன்று விழா எடுத்தால் நனைந்த பந்தல்தான் மிஞ்சும். அன்றைக்கு எளிமையாக நினைவுகூர்ந்துவிட்டு, ஆண்டு விழாவைச் சித்திரையில் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறோம். அழகர் வைகையில் இறங்க, தல்லாகுளம் முதல் வண்டியூர் வரை ஊரே தெருவில் இருக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் மாலை நேரத்திலும் சந்தை திறந்திருக்கட்டும். வாசலில் ஒயிலாட்டமும் தப்பாட்டமும் நடக்கட்டும். அழகர் வரும் வழியில், கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடங்களில், அட்டை உள்ள உழவர்களுக்குத் தற்காலிகக் கடைகள் வேண்டும். பானகத்துக்கு எலுமிச்சையும், சோழவந்தான் வெற்றிலையும், மதுரை மல்லியும் அவர்களிடமே நேரடியாக வாங்கலாம்.

திருவிழா நடத்துகிறவர்களிடம் உரிமையோடு ஒரு வேண்டுகோள். மீனாட்சி திருக்கல்யாணத்துக்குச் சேதுபதி பள்ளியில் நடக்கும் விருந்து ஊரறிந்தது. முந்தின நாளே ஆணும் பெண்ணும் வந்து உட்கார்ந்து மலை மலையாகக் காய் நறுக்கித் தருகிறார்கள். அந்த விருந்துக்கும் வழிநெடுக நடக்கும் அன்னதானங்களுக்கும் வேண்டிய காயில் ஒரு பகுதியையாவது உழவர் சந்தையில் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். எவ்வளவு தேவை என்று தை மாதமே தெரிந்தால் அதற்கேற்ப நாற்று விட முடியும்.

சந்தைக்குள் ஆக வேண்டியவையும் உண்டு. வியாபாரிகள் உழவர் அட்டையில் நுழையாதபடி, நிலத்துக்கே வந்து ஆண்டுதோறும் பயிரைச் சரிபார்க்க வேண்டும். வாசலுக்கு வெளியே கடை போட்டு வாடிக்கையாளரை மறிப்பதைத் தடுக்க வேண்டும். கீரைக்கென்று சிறு குளிர்பதன அறை அவசியம். எத்தனை முறை தண்ணீர் தெளித்தாலும் பங்குனி வெயிலில் பத்து மணிக்குள் தண்டு தொய்ந்துவிடும். காலையில் சொன்ன விலையில் பாதிக்குக் கட்டைக் கொடுத்துவிட்டு, அதுவும் போகாததை மாட்டுக்குப் போடுகிற நிலையை இன்னும் எத்தனை கோடைக்குப் பொறுப்பது?

2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகத்தின் பல உழவர் சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததையும், 2006-க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றதையும் நாங்கள் மறக்கவில்லை. ஆட்சி மாறினால் ஏழை உழவரின் கடை மாறக் கூடாது. உழவர் சந்தைகளுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஒவ்வொரு சந்தையிலும் உழவர், நுகர்வோர் பிரதிநிதிகள் சரிபாதியாக உள்ள குழு வேண்டும். அதில் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும், ஏனென்றால் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே ஏராளம்.

எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை எப்போது நிறைவேற்றுவீர்கள், எதை ஏற்க முடியாது, அதற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் தாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் சித்திரைக் கொடியேற்றத்துக்கு முன் அந்தப் பதில் உழவர் சந்தையின் விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும்.