பட்டணம் போகலாமா?

தோழர்களே! தோட்டத்தை விட்டுக் காஜாங் பக்கம் குடிபோகச் சொல்கிறார்கள், நம் நலம் நாடும் கனவான்கள். போகலாம், எதைக் கையில் கொண்டு போவது என்றுதான் நாம் கேட்கிறோம். லயத்து வீடு நமதல்ல. வேலை நின்றால் கூரையும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்றதால்தானே 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதற்குள் தாமான் வீட்டு வாடகை, பஸ் கட்டணம், அரிசி, பருப்பு எல்லாம் அடங்குமா? கிராணியாரே, உங்கள் பேரேட்டில் நீங்களே கூட்டிப் பாருங்கள்! சேமநிதியை முன்பணமாகக் கொட்டிவிட்டு முதுமையில் எதைத் தின்பது? தமிழ்ப்பள்ளி அங்கிருந்து எத்தனை கல்? இதற்கெல்லாம் விடை வரும்வரை மூட்டை கட்ட வேண்டாம். மரஞ்சீவிய மண்ணிலேயே சொந்த வீடு கேட்போம். அது தராத நிர்வாகத்திடம் லயத்துச் சாவியை ஒப்படைக்க மாட்டோம்!