நாற்பது பொட்டலங்களுக்கு ஒரே மாதிரியா?

கஞ்சா வழக்குகளில் மாதிரி எடுப்பதற்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளை இனியும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அளவும் எடையும் அடையாளமும் ஒன்றாக இருந்து, சோதனைப் பெட்டியின் ரசாயனத்தில் ஒரே நிறம் காட்டினால், 40 பொட்டலங்களை ஒரு தொகுப்பாகச் சேர்க்கலாம் என்கின்றன அவ்விதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அதில் 24 கிராம் ஆய்வகத்துக்குப் போகும். 1989ஆம் ஆண்டு நிலையாணையில் இருந்த அதே 40! மரபணு அறிவியல் இத்தனை தூரம் வளர்ந்த பிறகும் அந்த எண்ணில் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இது வெறும் நடைமுறைச் சிக்கல் அல்ல. இரண்டு கிலோ பொட்டலங்கள் 40 என்றால் 80 கிலோ. 20 கிலோவைத் தாண்டினாலே குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதும் அரிது. சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. நாற்பதில் பத்துப் பொட்டலங்களில் வெறும் இலையோ வேறு செடியின் தழையோ இருந்தால்? நிறச் சோதனை முதற்கட்டச் சோதனை மட்டுமே. கலந்துவிட்ட பிறகு, எது எந்தப் பொட்டலத்திலிருந்து வந்தது என்று உலகின் எந்த ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவரின் 10 ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சான்றை நம் கையாலேயே குழப்பிவிட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறோம்.

பொட்டலம் பொட்டலமாக மாதிரி எடுத்தால் மரபணுச் சோதனைக்கு வேலை இருக்கிறது. பூவா இலையா என்று மரபணு சொல்லாது. அதற்கு நுண்ணோக்கி உண்டு. ஆனால், பொடியாக நொறுங்கிய தழையும் கஞ்சாச் செடிதானா, போதை வகையா நார் வகையா என்பதை மரபணு காட்டும். சென்னையிலும் ராமேஸ்வரத்திலும் பிடிபட்ட சரக்குகளுக்கிடையே உறவு உண்டா என்று துப்பும் தரும். ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில் பயிரிட வைப்பவர்கள் பத்திரமாக இருக்க, சுமந்து வரும் கூலிகள் மட்டும் சிறையை நிரப்பும் நிலை மாற அந்தத் துப்பு வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கொலை வழக்கில் மரத்தின் காய்களை மரபணுவால் அடையாளம் கண்டது 1990களின் தொடக்கத்தில். அதற்கு முன்பே ஹைதராபாத்தில் லால்ஜி சிங் மரபணு ரேகைத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தார். அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை.

இல்லாதது அக்கறை. மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. விதிகள் வர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின. இடையில், பிடித்த சரக்கைக் காக்கவும் தெரியவில்லை. 2020இல் சென்னையில் பிடித்த 22 கிலோ கஞ்சாவில் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2023இல் இருவர் விடுதலையானார்கள். மதுராவில் 500 கிலோவுக்கு மேல் மாயமானதற்கும் அதே எலிகள்தான் காரணமாம். எந்த அதிகாரி பதில் சொன்னார்?

குற்றவாளி தப்புவதும் நிரபராதி சிக்குவதும் இந்த அலட்சியத்தின் இரு விளைவுகள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனி மாதிரி, தேவையான இடத்தில் மரபணுச் சோதனை என்ற திசையில் விதிகளைத் திருத்த மத்திய அரசு உடனே முன்வர வேண்டும். கலவை மாதிரியை நம்பி யாரையும் சிறையில் வைப்பது நீதியாகாது.