‘வெறும் தலைவலிதான்’ என்று உம்மா சொல்லும்போது

 

நம் வீடுகளில் பலருக்கும் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. லுஹர் தொழுதுவிட்டு உம்மா அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். சன்னல் சாத்தப்பட்டிருக்கும். நெற்றியில் தைலம் தடவி, தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியிருப்பார். “என்னம்மா செய்யுது?” என்று கேட்டால், “ஒன்னுமில்ல வாப்பா, வெறும் தலைவலிதான்” என்று பதில் வரும். அஸர் பாங்கு கேட்டதும் எழுந்துவிடுவார். அடுப்பும் பற்றவைக்கப்பட்டுவிடும். நாமும் அத்துடன் மறந்துவிடுவோம். அடுத்த வாரம் அதே அறை, அதே துணி, அதே பதில்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. ‘ஒன்றுமில்லை’ என்பது நம்மைக் கலங்கவிடக் கூடாது என்பதற்காக உம்மா சொல்லும் வார்த்தை. அதை மருத்துவரின் முடிவாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. வாப்பாவின் தலைவலிக்கும் இதுவே பொருந்தும்.

பொறுமை என்பது மறைத்துக்கொள்வதன்று

நோயைப் பற்றிப் பேசுவது ஸப்ருக்கு மாற்றமானது என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை அவ்வாறு கற்றுத்தரவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் வருந்தித் தம் வேதனையை வாய்விட்டுச் சொன்னபோது, தமக்கும் தலைவலி இருப்பதை நபியவர்களும் வெளிப்படையாகச் சொன்னார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒற்றைத் தலைவலிக்காக அவர்கள் இஹ்ராமுடைய நிலையிலேயே தலையில் இரத்தம் குத்தி எடுத்து வைத்தியம் செய்துகொண்டார்கள் என்பதும் அதே நூலில் உள்ளது. ஹதீஸில் அந்த வலிக்கு வரும் சொல் ‘ஷகீகா’. பாதித் தலையைப் பிடிக்கும் வலி என்பது அதன் கருத்து.

அல்லாஹ்வின் தூதரே வலியைச் சொல்லியிருக்கிறார்கள், வைத்தியமும் செய்திருக்கிறார்கள். முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான், எனவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்று நமக்கு ஏவியும் இருக்கிறார்கள். அவ்வாறிருக்க, நம் உம்மா இருட்டறையில் தனியே படுத்துக் கிடப்பதைத் தவக்குல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல

பெரும்பாலான தலைவலிகள் உயிருக்கு ஆபத்தானவை அல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஒற்றைத் தலைவலி 4 மணி நேரம் முதல் 3 நாட்கள் வரை நீடிக்கும். தலை விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும். வெளிச்சமும் ஓசையும் தாங்காது. ஆபத்தில்லை என்பதால் அதைச் சகித்தே ஆக வேண்டும் என்றில்லை. அடிக்கடி வருபவர்களுக்கு அதை வராமல் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. இருபது வருடம் வேதனைப்பட்ட பிறகுதான் அப்படி மருந்து இருப்பதே நம் தாய்மார்கள் பலருக்குத் தெரியவருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தொடங்குவது. 50 வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதன்முதலாகத் தலைவலி தொடங்கினால், அதை ஒற்றைத் தலைவலி என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. ‘பிரஷராக இருக்கும்’ என்று சொல்லி முடித்துவிடுவதும் சரியன்று. இரத்த அழுத்தம் 180/120 போல மிகவும் ஏறினாலொழிய, பொதுவாக அது தலைவலியாக வெளிப்படுவதில்லை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் தலைவலி விடவில்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

- இடி விழுந்தாற்போல் திடீரென்று தொடங்கி, ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தைத் தொடும் வலி. மூளையைச் சுற்றி இரத்தம் கசிவதால் இப்படி வரலாம்.
- வாய் ஒருபக்கம் கோணுதல், கை கால் ஒன்று தளர்தல், பேச்சுக் குழறுதல். இவை பக்கவாதத்தின் அடையாளங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.
- காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போதல், குழப்பமாகப் பேசுதல், மயக்கம், வலிப்பு.
- பார்வை திடீரென மங்குதல். அல்லது கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல்.
- விழுந்து தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி. முதியவர்களுக்கு உள்ளே மெதுவாக இரத்தம் கசிந்து, சில வாரங்கள் கழித்தும் இது தெரியவரலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வுளூ செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்ததை உம்மா நம்மிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

வேறு சில அடையாளங்களுக்கு ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலி, காலையில் எழும்போது வாந்தியோடு வரும் வலி, இருமினாலோ ஸுஜூதுக்குக் குனிந்தாலோ அதிகரிக்கும் வலி ஆகியவை அத்தகையவை. தலை சீவும்போது நெற்றிப்பொட்டு நோவதும், சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலிப்பதும் வயதானவர்களிடம் மிக முக்கியமான அடையாளங்கள். அங்குள்ள இரத்தக்குழாய்கள் அழற்சியால் வீங்கும் நோய் ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டால் அது கண்பார்வையையே பறித்துவிடும். உரிய நேரத்தில் மருந்து தொடங்கினால் பார்வையைக் காக்கலாம், இன்ஷா அல்லாஹ். எனவே அந்த அடையாளங்களைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரை அட்டை

உம்மாவின் தலையணைக்கு அடியிலோ மணிபர்ஸிலோ ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அதில் எத்தனை காலியாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு செய்யக்கூடியவை. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைத்துவிடுவதால் அவை தீங்கற்றவை என்று ஆகிவிடாது.

நம்மைத் தாமதிக்க வைப்பவை

கண்ணேறாக இருக்கும் என்று ஓதிப் பார்க்கிறோம். ஓதிப் பார்ப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, ஓதுங்கள். ஆனால் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் ஓதலாம். துஆவும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

‘பித்தம்’, ‘வாய்வு’ என்று அவரவர் ஒன்றைச் சொல்கிறோம். தலையில் காயம்பட்டிருந்த ஒரு தோழர், கடமையான குளிப்புக்குத் தயம்மும் போதுமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் அறியாமலே கூடாது என்றார்கள். அவர் குளித்தார், இறந்தும்போனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்குரிய மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் பதிவான இந்தச் செய்தி நம் வீட்டு வைத்திய யோசனைகளுக்கும் போதுமான எச்சரிக்கை.

பெண் மருத்துவர் கிடைக்கவில்லையே என்று தயங்குகிறோம். இருந்தால் அவரிடமே செல்லலாம். இல்லாதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்க அறிஞர்கள் இடமளித்திருக்கிறார்கள்.

மகன் வளைகுடாவில் இருப்பான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அழைப்பான். உம்மா “நல்லா இருக்கேன்” என்பார். அவ்வாறு தொலைவில் இருப்பவர்கள் அந்தப் பதிலோடு நின்றுவிட வேண்டாம். இந்த வாரம் எத்தனை நாள் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள், வாந்தி வந்ததா என்று கேளுங்கள். பிறகு ஊரில் இருக்கும் தங்கையிடமோ மச்சானிடமோ பேசி, மருத்துவமனைக்குப் போகும் நாளைக் குறித்துவிடுங்கள்.

ரமளானிலும் கவனம் தேவை. தண்ணீர் குறைவதும், வழக்கமான தேநீர் நின்றுபோவதும் தலைவலியைத் தூண்டும். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்ற சலுகையை அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தில் அளித்திருக்கிறான். வாந்தியெடுத்துத் துவளும் உம்மாவிடம் அந்தச் சலுகையை நினைவூட்டுவதும் அவருக்குச் செய்யும் உபகாரமே.

இன்றே செய்யக்கூடியது

ஒரு சிறு நோட்டை எடுங்கள். வலி வந்த நாள், நேரம், தலையின் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன மாத்திரை போட்டார் என்று குறித்துவையுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், உம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். நீங்களும் அறைக்குள் போய் உடனிருங்கள். மருத்துவர் கேட்டாலும் உம்மா முதலில் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார்.

நாம் பிள்ளையாக இருந்தபோது நம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தே காய்ச்சலை அறிந்தவர் அவர். நாம் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். அவ்வாறு சொல்லாமல் இருந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அந்த அறையின் கதவைத் திறந்து, அருகில் உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்பதும் நம்மீது கடமைதான்.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் பூரண சுகத்தை வழங்குவானாக! அவர்கள் சொல்லாத வேதனையையும் அறிந்துகொள்ளும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.